தரங்கம்பாடிக்காரங்களுக்கு, பென்னாகரத்து பாட்டிய கடலுக்கு கூட்டிட்டு வந்தவ எழுதுறது

தரங்கம்பாடி, பொறையார், பூம்புகார் பக்கத்து எல்லாருக்கும் வணக்கம்.

குடியரசு தின லீவோட சேந்து வந்த மூணு நாள்ல எங்க கூட்டம் 16 பேரு உங்க பக்கம் வந்துட்டு போனோம். ஓசூர் திரும்பி நாலு நாள் ஆச்சு, இன்னும் வேலையில மனசு ஒட்டல. நம்பர் இருந்தவங்களுக்கு போன் பண்ணி நன்றி சொல்லிட்டேன், ஆனா பாதி பேரோட நம்பர் கிட்ட இல்ல, சில பேர்கிட்ட பேரு கூட கேக்காம வண்டி ஏறிட்டேன், அது ரொம்ப உறுத்துது. அதனாலதான் எல்லாருக்கும் பொதுவா எழுதுறேன். இதுல யாராவது உங்க தெருக்காரங்கன்னு தெரிஞ்சா தயவுசெஞ்சு அவங்களுக்கு படிச்சு காட்டிருங்க.

நான் பொறந்து வளந்தது தரங்கம்பாடி. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கெழமை காலைல கடல் ஊருக்குள்ள வந்தப்ப நான் அஞ்சாங்கிளாஸ். அதுக்கப்பறம் அப்பா மாயவரத்துக்கு குடி மாத்திட்டாரு, நடுவுல கல்யாணம் காட்சின்னு தலைய காட்டிட்டு ஓடினது உண்டு, ஆனா வெளியூர்க்காரங்கள கூட்டிட்டு வந்து இது எங்க ஊருன்னு நின்னு காட்டினது இதுதான் மொத தடவ.

வந்தவங்க என்கூட வேலை பாக்குற பொண்ணோட குடும்பம், தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். அவளோட அம்மாச்சிக்கு 78 வயசு, முட்டி தேஞ்சு போய் ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சாதான் நாலு அடி வைக்க முடியும். அவங்க கடலயே பாத்தது இல்ல. ஆனா ஆத்த நல்லா தெரியும், ஒவ்வொரு ஆடி 18க்கும் ஒகேனக்கல்ல முழுக்கு போட்டவங்க. ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கும்போது, "ஏன் கண்ணு, எங்க காவேரி உங்க ஊர் பக்கந்தான கடல்ல விழுதாம், அது எப்டி இருக்கும்"னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் டெம்போ டிராவலர் புடிச்சோம்.

மொதல்ல பொறையார் டீச்சரம்மாவுக்கு. ராத்திரி பூரா வண்டி ஓடி விடியக்காலைல வந்து சேந்தா, அட்வான்ஸ் வாங்கின லாட்ஜ்ல நாலு ரூமுக்கு ரெண்டு ரூம்தான் இருக்குங்குறாங்க, அந்த லீவுக்கு அக்கம்பக்கத்துல வேற எங்கயும் எடம் இல்ல. பாட்டி வண்டியிலயே உக்காந்துருக்காங்க, கொழந்தைங்க தூக்க கலக்கத்துல அழுவுதுங்க. எனக்கு ஆறாங்கிளாஸ் கணக்கு எடுத்தவங்க நீங்க, அதுக்கப்பறம் பேசினது கூட கெடையாது, போன் பண்ணா "ஏண்டி, வீடு இருக்கும்போது லாட்ஜு எதுக்குடி போட்டே"ன்னு திட்டிட்டு வாசல்ல லைட்ட போட்டு வச்சிங்க. எட்டு பேரு ரெண்டு ராத்திரி உங்க கூடத்துல படுத்தோம். பாட்டிக்கு கட்டில், அதுவும் பாத்ரூமுக்கு பக்கத்துல இழுத்து போட்டு, நடுராத்திரி எழுந்தா புடிச்சுக்கன்னு நாற்காலிய வரிசையா வச்சு வழி பண்ணி குடுத்தீங்களே டீச்சர், அத யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு!

கோட்டையில டிக்கெட் குடுக்குற அண்ணனுக்கு அடுத்தது. டேனிஷ் கோட்டைக்கு சின்ன வயசுல எத்தன தடவ போயிருப்பேன், ஒளிஞ்சு வெளையாட நல்ல எடம்னுதான் எனக்கு தெரியும். 1620ல ஓவ் கெட்டேங்கிற கப்பல் தளபதி வந்து தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு கட்டினது, நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதின கடிதம் இன்னிக்கும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்கு, இதெல்லாம் நீங்க புள்ளைங்கள சுத்தி உக்கார வச்சு சொன்னப்ப நானும் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தேன். கீழ்த்தளத்து அறைக்குள்ள கூட்டிட்டு போய் செவுத்துல கன்னத்த வைக்க சொன்னீங்க, வெளிய வெயிலு கொளுத்துது, உள்ள செவுரு பானை மாதிரி ஜில்லுன்னு. 1845ல டேனிஷ்காரங்க தரங்கம்பாடியையும் வங்காளத்து சீராம்பூரையும் சேத்து பன்னெண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்கன்னு சொன்னதும் ஒரு வாண்டு "ஊர விக்கும்போது உள்ள இருந்தவங்கள கேட்டாங்களா"ன்னு கேட்டான் பாருங்க, நீங்க ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்பறம் "கேக்கலடா தம்பி"ன்னீங்க. அவன் இன்னும் அதயே வீட்டுல சொல்லிட்டு இருக்கானாம்.

புது எருசலேம் கோயில்ல, சாப்பிட உக்காந்தவர் எழுந்து வந்து கதவு தொறந்துவிட்ட கோயில்பிள்ளை அய்யாவுக்கும் நன்றி. 1718ல கட்டின கோயிலு, அடுத்த வருஷமே அத கட்டின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு செத்து போய் அங்கயே அடக்கம், 36 வயசுதான். 1706 ஜூலை 9 கப்பல்ல வந்து எறங்கினவரு, சின்ன புள்ளைங்களோட மண்ணுல உக்காந்து விரலால அ ஆ எழுதி கத்துக்கிட்டாருன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. 1715ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சு போட்டு, அச்சடிக்க பேப்பர் பத்தலன்னு பேப்பரும் இங்கயே செய்ய பட்டறை போட்டாங்க. நாங்க வண்டியில தாண்டி போன கடுதாசிப்பட்டறைங்கிற ஊரோட பேரு அதுலேந்து வந்ததுதான்னு அய்யா சொன்னதும், 20 வருஷமா பஸ் போர்டுல படிச்ச பேருக்கு அர்த்தம் இப்பதான் வெளங்குச்சு எனக்கு.

மாசிலாமணிநாதர் கோயில்ல தீபாராதனைக்கு காத்திருந்து பாட்டிய முன்னாடி உக்கார வச்ச குருக்களுக்கும், திருக்கடையூர்ல கூட்டத்துல வழி விட்ட முகம் தெரியாதவங்களுக்கும், கீரைக்கட்டு மாதிரி எங்கள அடைச்சுக்கிட்டு மூணு நாளும் மொகம் சுளிக்காம ஓட்டின டிரைவர் அண்ணனுக்கும் நன்றி.

ஞாயித்துக்கெழமை பூம்புகார். இத கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா அங்க பாத்த லஸ்கர் (ஆத்து மதகு பாத்துக்குற ஆளு) தாத்தாவோட வீடு எதுன்னு கூட எனக்கு தெரியாது, யாராவது கண்டுபுடிச்சு சொல்லணும்.

ஒகேனக்கல்ல காவேரி எப்டி விழும்னு பாத்தவங்களுக்கு தெரியும், பாறைய ஒடைக்கிற மாதிரி சத்தம், பக்கத்துல நிக்கிறவங்க பேசுறது காதுல விழாது. அந்த ஆத்த மனசுல வச்சுக்கிட்டு பாட்டி பூம்புகார்ல வந்து எறங்குறாங்க. அங்க என்ன இருக்கு, ஒரு வாய்க்கால் அகலத்துக்கு தண்ணி, அதுவும் மேட்டூர் அணைய அடைக்கிற ஜனவரி 28 கிட்ட வந்துருச்சா, சத்தமே இல்லாம மெதுவா போயிட்டு இருக்கு. கரையில நாற்காலி போட்டு உக்கார வச்சோம். ரொம்ப நேரம் பாத்தாங்க. "இதா கண்ணு காவேரி"ன்னு கேட்டாங்க, நான் ஆமான்னேன், அவங்க மொகம் விழுந்துருச்சு. எனக்கு அழுக வந்துருச்சு, 300 கிலோமீட்டருக்கு மேல கூட்டிட்டு வந்து இதயா காட்டினோம்னு.

அப்பதான் கரை ஓரமா சைக்கிள நிறுத்திட்டு நின்ன தாத்தா பக்கத்துல வந்தாரு. பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர்டு ஆனவராம், ஷட்டர் தெறக்குறதும் அடைக்கிறதுமா ஆயுசு போச்சுன்னாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, பென்னாகரம்னதும் "அட, தலைமாட்டுக்காரங்களா"ன்னு சொல்லிட்டு பாட்டி கால்கிட்ட குத்துக்காலிட்டு உக்காந்தாரு. ஒரு குச்சி எடுத்து மண்ணுல நீளமா ஒரு கோடு போட்டாரு. "இது உங்க ஊருங்கம்மா, இங்க ஒரே ஆறு. இது மேட்டூரு. இது முக்கொம்பு, இங்க கொள்ளிடம் பிரிஞ்சு போவுது. இது கல்லணை, இங்க வெண்ணாறு ஒருபக்கம், புது ஆறு ஒருபக்கம்." அப்பறம் குச்சி நிக்கவே இல்ல. குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மஞ்சளாறுன்னு ஒவ்வொண்ணா பேரு சொல்லி கிழிச்சுட்டே போறாரு, ஒவ்வொரு ஆத்துலேந்தும் வாய்க்கால், வாய்க்கால்லேந்து கன்னி வாய்க்கால். கடைசில பாத்தா மண்ணுல ஒரு பெரிய மரம் படுத்து கெடக்கு, கோடு போட எடம் இல்ல, நாங்க எல்லாம் கால நகத்தி நகத்தி தள்ளி நின்னோம். நுனியில ஒரே ஒரு கோட்ட தொட்டு காமிச்சாரு. "இதாம்மா இப்ப நீங்க பாக்குற தண்ணி. மீதி எங்கயும் போவல, எல்லாம் வயலுக்குள்ள நிக்கிது, வரும்போது ரெண்டு பக்கமும் பாத்தீங்கள்ல, அறுப்பு அறுத்துக்கிட்டு இருந்தத."

பாட்டி குனிஞ்சு அந்த கோட்டயே பாத்துட்டு இருந்தாங்க. அப்பறம் மெதுவா "அப்ப சோறா போயிருச்சுன்னு சொல்லுங்க"ன்னாங்க. தாத்தா "அதேதான்"னு சொல்லி சிரிச்சாரு. அதுக்கப்பறம் ரெண்டு பேரும் பேசுன பேச்சு இருக்கே, அவங்க ஊர்ல மழை எப்ப, இங்க தண்ணி வந்து சேர எத்தன நாளு, குறுவை நெல்லுக்கு ஜூன் 12 மேட்டூர் தெறக்கலன்னா இங்க வீட்டுல என்ன நெலமன்னு, சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி பேசிட்டு இருந்தாங்க. கெளம்பும்போது தாத்தா என்னத் தனியா கூப்ட்டு, "இங்க கல்லும் மேடுமா இருக்கு, எறக்க முடியாது, உங்க ஊருக்கு கூட்டிட்டு போயி கடல்ல கால நனைக்க வச்சிருங்க, வந்த காரியம் முடியாம போவக்கூடாது"ன்னாரு.

திங்கக்கெழமை காலைல அதுக்குத்தான் தரங்கம்பாடில மீன் ஏலம் போடுற எடத்துக்கு போனேன். கூடைய வச்சுக்கிட்டு நின்ன பெரியம்மா, உங்ககிட்டதான் மொதல்ல கேட்டேன். நீங்க என்ன அடையாளம் கண்டுக்கிட்டு எங்க அப்பா பேர சொல்லி கட்டி புடிச்சிங்க, உங்க சேலையில அடிச்ச மீன் வாசனைக்கு எனக்கு பத்து வயசு ஆயிடுச்சு. நீங்க போட்ட ஒரு சத்தத்துக்கு வலை பிரிச்சுட்டு இருந்த நாலு தம்பிங்க எழுந்து வந்தாங்க. பிளாஸ்டிக் நாற்காலிக்கு ரெண்டு பக்கமும் சவுக்கு கம்பு வச்சு வலைக்கயிறால இறுக்கி கட்டினாங்க, அஞ்சு நிமிஷம் ஆயிருக்காது. தூக்கி பாத்து, ஆட்டி பாத்து, அதுல ஒரு தம்பி தானே ஒரு தடவ உக்காந்து பாத்துட்டுத்தான் பாட்டிய உக்கார விட்டாரு. ஈர மண்ணுல வச்சா நாற்காலி கால் பொதையும்னு மீன் அள்ளுற பெட்டிய கவுத்து போட்டு அது மேல எறக்குனாங்க. முன்னாடி ரெண்டு பேரு முட்டளவு தண்ணியில நின்னுக்கிட்டாங்க, அலை வர்ற வேகத்த ஒடைக்கிறதுக்கு.

மொத அலை பாட்டி பாதத்த தொட்டுட்டு திரும்பி போவும்போது கீழ இருந்த மண்ண உருவுச்சு. பாட்டி "ஐயோ இழுக்குது"ன்னு கத்திட்டு நாலு தம்பிங்கள்ல ஒருத்தனோட கைய புடிச்சுக்கிட்டாங்க, புடிச்ச கைய கடைசி வரைக்கும் விடல. அவன் என்கூட படிச்சவன். சுனாமி அன்னிக்கு அவன் வீட்டுல யாரு போனாங்கன்னு ஊருக்கே தெரியும், நான் எழுதல. பாட்டி அவன்கிட்ட "இந்த தண்ணிதான் அன்னிக்கு ஊருக்குள்ள வந்துச்சா சாமி"ன்னு கேட்டாங்க. "ஆமா பாட்டி, இதேதான்"னான். பாட்டி இன்னொரு கையால அவன் தலைய தடவிட்டே இருந்தாங்க, அவன் கடலயே பாத்துட்டு நின்னான். யாரும் போட்டோ எடுக்கல. ஒரு அரை மணி நேரம் அப்படியே இருந்தோம்.

தம்பிங்களா, காசு நீட்டினதுக்கு கோவிச்சுக்கிட்டீங்க, அதுக்கு மன்னிச்சுருங்க. அந்த அரை மணி நேரம் உங்களுக்கு வலை வேலை நின்னு போச்சு, அது எனக்கு தெரியும். பெரியம்மா, நீங்க குடுத்தனுப்புன கெழங்கா மீன டீச்சர் வீட்டுல மண்சட்டியில வச்சு, மாங்கா போட்டு கொழம்பு வச்சோம், மீனே தொடாத பாட்டி ரெண்டு கரண்டி கொழம்பு மட்டும் ஊத்தி சாப்ட்டாங்க.

இப்ப விஷயம் என்னன்னா, ஊருக்கு போன மறுநாளே பாட்டி ராகி அரைக்க குடுத்துட்டாங்க. அஞ்சு பை கட்டி வச்சுருக்காங்க, நாலு தம்பிங்க வீட்டுக்கும் பெரியம்மாவுக்கும். கூடவே டீச்சருக்கு புளி. லஸ்கர் தாத்தாவுக்கு தனியா ஒரு பை, அதுல மேல "காவேரி தாத்தா"ன்னு பேத்திய எழுத சொல்லி வச்சுருக்காங்க. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை நானே எடுத்துட்டு வர்றேன், காலைல ஏலம் முடியிற நேரத்துக்கு அங்க இருப்பேன், யாரும் எங்கயும் போயிராதீங்க. பூம்புகார் பக்கத்து மக்களே, பழைய பச்சை சைக்கிளு, ஹேண்டில்ல மஞ்சப்பை தொங்கும், காதுல வெள்ள முடி, எல்லா ஆத்து பேரும் தெரியும். அவரு வீடு எதுன்னு அதுக்குள்ள சொல்லிருங்க.