மூணாவது விதியை அடித்துவிடுங்கள்

குழந்தைகள் தினத்துக்கு ஓவியப் போட்டி நடத்தும் எங்கள் ஊர்ச் சங்கத்தாருக்கும், திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் இதே மாதிரி போட்டி வைக்கும் மற்ற பெரியவர்களுக்கும்,

வணக்கமுங்க.

இந்த வருடத்து நோட்டீஸ் கைக்கு வந்தது. அதில் மூணாவது விதி, கிரேயானும் கலர் பென்சிலும் மட்டும்தான், போஸ்டர் கலர் கொண்டுவரக் கூடாது என்கிறது. ஏனுங்க என்று விசாரித்தேன். மண்டபத்துத் தரை கறையாகிவிடும் என்றார்கள்.

கறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கறை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பல வருடம் என் பிழைப்பு. சாயப்பட்டறை லேபில் ஷேடு எடுத்துக்கொண்டிருந்தேன், அதாவது கேட்ட நிறம் வரும்படி சாயக் கலவை பிடிக்கிற வேலை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை போனது. நொய்யல் ஆறு கெட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு, அதனால் அந்த உத்தரவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சும்மா உட்கார முடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படம் போட ஆரம்பித்தோம். அது இன்னும் நடக்கிறது.

சாயம் தண்ணியில் கரைந்து நூலிழைக்குள்ளேயே போய்விடும். பனியன் துணிக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயம் உப்பும் சோடாவும் சேர்ந்ததும் பருத்தியோடு பிணைந்துகொள்ளும், பிறகு எத்தனை தடவை துவைத்தாலும் பிரியாது. போஸ்டர் கலர் அந்தச் சாதியே இல்லை. அரைத்த நிறத்தூள், அதோடு சுண்ணத்தூளோ வெள்ளைக் களிமண்ணோ, எல்லாவற்றையும் பிடித்துவைக்கத் தண்ணியில் இளகுகிற ஒரு பிசின். காகிதத்தின் மேலேதான் உட்காரும். காய்ந்த பிறகும் ஈரத்துணி பட்டால் இளகிக்கொண்டு வந்துவிடும். எங்கள் ஆசாரத்துத் தரையும் மொசைக்தான், வந்து பாருங்கள். வெள்ளைச் சட்டையில் சிவப்போ நீலமோ பட்டு ஊறவிட்டால் லேசாகத் தடம் நிற்கும், அதை மறைக்கவில்லை. உடனே பச்சைத் தண்ணியில் அலசிவிட வேண்டும். பழைய பனியனைப் போட்டு அனுப்பச் சொன்னால் அந்தக் கவலையும் இல்லை. பழைய பனியனுக்கு இந்த ஊரில் பஞ்சமா?

இதையெல்லாம்விட என் மனதில் முள்ளாக நிற்கிற ஒன்று உண்டு. இரண்டு வருடம் முன்பு இதே சங்கம் பிள்ளைகளைச் சுவரில் படம் போட வைத்தது. பெயிண்ட் செலவைக் குறைக்க யாரோ பட்டறையில் மிஞ்சின சாயப் பவுடரைக் கொண்டுவந்து மைதாப் பசையில் கலக்கிக் கொடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பையன் அதைக் கையாலேயே கிளறிக்கொண்டிருந்தான். பட்டறையில் அந்தப் பவுடரை எடை போடும்போது நாங்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வோம். அந்தத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து ஆஸ்துமா வந்தவர்கள் உண்டு. பிள்ளைகளின் விரலில் ஊதா நிறம் நாள் கணக்கில் போகவில்லை. அன்று யாருக்கும் கறையைப் பற்றிய யோசனை வரவில்லை. நிறம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்ததால் வந்த வினை அது. இன்று போஸ்டர் கலருக்குத் தடை போட்டிருப்பதும் அதே நினைப்பில்தான்.

கிரேயான் இருக்கிறதே, அது போதாதா என்பீர்கள். ஆறு வயசுப் பிள்ளை ஒருத்தி எங்கள் ஆசாரத்தில் அட்டை முழுக்கக் கறுப்பை அப்பி வைத்தாள். என்ன கண்ணு இது என்றேன்.

"ராத்திரிங்க மாமா. இனி வெள்ளாடு போடோணும்."

கறுப்பு காய்ந்ததும் அதன் மேலேயே வெள்ளையில் ஆடு போட்டாள். கால் ஐந்தாகிவிட்டது. எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு காலைக் கறுப்பால் மூடினாள்.

கிரேயானின் மெழுகு அப்படி மூடாது. வாட்டர் கலரில் வெள்ளை வேண்டுமென்றால் காகிதத்தை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும். அதற்கு முன்யோசனை வேண்டும், ஆறு வயசுக்கு அது ஆகிற காரியமில்லை. எங்கள் தொழிலிலும் துணியின் வெள்ளைதான் வெள்ளை, வெள்ளைச் சாயம் என்று ஒன்று கிடையாது. அதனாலோ என்னவோ, இந்தப் பிள்ளைகள் வெள்ளையை ஒரு கலராக எடுத்துப் பூசுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. கோயமுத்தூர்ப் பக்கம் குமிட்டிபதிப் பாறையில் பழங்காலத்தில் யானையை வரைந்தவர்களும் வெள்ளையில்தான் வரைந்தார்கள்.

தடையை எடுத்துவிட்டு, பன்னிரண்டு குட்டி பாட்டில் உள்ள பெட்டியை ஆளுக்கொன்று வாங்கி வரச் சொல்லிவிடாதீர்கள். அந்த பாட்டில் வாயில் தடிமனான பிரஷ் நுழையாது. பன்னிரண்டு நிறம் கையில் இருந்தால் எந்தப் பிள்ளையும் கலக்கிப் பார்க்காது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை ஐந்தையும் பெரிய டப்பாவாகச் சங்கமே வாங்கட்டும், வெள்ளை மட்டும் இரண்டு பங்கு. பட்டறையில் எக்ஸ்போர்ட் ஆர்டரின் ஷேடுகளில் முக்கால்வாசியை மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றை வைத்துத்தான் பிடித்தோம். நாலு பிள்ளைக்கு ஒரு பழைய வட்டல் போதும், அதில் ஊற்றிக் கொடுங்கள்.

தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய தாள் ஈரத்தில் சுருண்டுகொள்ளும். கலரை அள்ளி அப்பினால் காய்ந்ததும் கோடையில் குளத்து மண் வெடிக்கிற மாதிரி வெடிக்கும், சுருட்டினால் உதிரும். கம்பெனிகளில் கிழித்துப் போடும் அட்டைப் பெட்டியின் பக்கங்கள் இதற்கு நல்லது, படத்தைச் சுருட்டாமல் அப்படியே கொண்டுபோகலாம். நூல் தீர்ந்த கோன்களும் கொஞ்சம் எடுத்துவையுங்கள். அகலமான வாயைக் கலரில் தொட்டு அட்டையில் வைத்தால் பெரிய வட்டம், கூர்ப்பக்கத்தை வைத்தால் சின்ன வட்டம். பிரஷ் பிடிக்கத் தயங்குகிற பிள்ளைகூட அதில் இறங்கிவிடும். தரையில் விரிக்க வேஸ்ட் துணி ஒரு மூட்டை கேட்டால் எந்தக் கம்பெனியும் இல்லையென்று சொல்லாது.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருடம் முதல் பரிசு வாங்கிய படத்தை அந்தப் பிள்ளையின் அம்மா வரைந்ததை நான் பார்த்தேன், நடுவரும் பார்த்தார். அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

நோட்டீஸ் இன்னும் முழுசாக அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். மூணாவது விதியை அடித்துவிட்டுக் கொடுங்கள். போட்டி முடிந்து பொழுதோட மண்டபத்தைக் கழுவ நானும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளில் பெரியவர்கள் நாலு பேரும் வருகிறோம். சீமாறும் பக்கெட்டும் எங்களுடையது. மேல் தொட்டியில் தண்ணி மட்டும் ஏற்றி வையுங்க.

இப்படிக்கு,
பழைய சாயப்பட்டறைக்காரன் ஒருவன்