குளச்சல் போர்: தேதிக் கணக்கு உதைக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

விக்கிப்பீடியாவில், திருவிதாங்கூர் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் போரைப் பற்றி எழுதும் தன்னார்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர் நடந்த நாள் 1741 ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் இருவிதமாகக் கிடைக்கிறது. பழைய (ஜூலியன்) நாட்காட்டி, புதிய (கிரெகோரியன்) நாட்காட்டி வித்தியாசம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தக் காலத்தில் அந்த இடைவெளி 11 நாள், இங்கே இருப்பது 10. இரண்டையும் போட்டு, தனித்தனியே நூலும் பக்க எண்ணும் கொடுங்கள். எழுதியவரே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது. இன்னொருவர் மூலநூலைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் போரில் டச்சுத் தரப்பில் இருந்து, பின்பு திருவிதாங்கூர் தளபதியான டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதன் கல்லில் லத்தீனோடு நம் தமிழும் இருக்கிறது. உச்சிவெயிலில் படமெடுத்தால் எழுத்து தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில், வரிவரியாக எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை