உள் அலுமாரி பற்றி, எங்கள் அங்கத்தவர்களுக்கு

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வாடகைப் புத்தகக் கடையில் வளர்ந்தவர்களுக்கான நாவல்கள் இருக்கும் உள் அலுமாரியை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட்ட சங்கதி இப்போது வெள்ளவத்தை முழுக்கத் தெரியும். ‘பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆபாசக் கதை வாடகைக்கு விடுகிற கடை’ என்று கீழே எழுதியிருந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

அந்த அலுமாரி பூட்டியே இருக்கும். திறப்பு என் லாச்சிக்குள். அங்கத்தவர் அட்டையில் பிறந்த ஆண்டு பார்க்காமல் அதிலிருந்து ஒரு புத்தகமும் கொடுத்ததில்லை. அன்று தூசு தட்டும்போது கதவைத் திறந்தபடி விட்டது என் கவனக்குறைவு, மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்தோம் என்பது பொய்.

உள்ளே இருப்பது அந்தக் காலத்து மஞ்சள் புத்தகங்கள் அல்ல. அவற்றைப் பேப்பரில் சுற்றி வாங்கிப்போனவர்கள் ஆண்கள். இணையம் வந்தபின் அதற்கு ஆளில்லை. 1990களில் யூஸ்நெட் என்ற பழைய இணைய உரையாடல் குழுக்களில் இப்படியான கதைகளைப் புனைபெயரில் எழுதினார்கள். 1998இல் லிட்டரோட்டிக்கா என்ற காமக்கதை இணையத்தளம் வந்தது. யாரும் எழுதலாம், காசில்லாமல் வாசிக்கலாம். கடைக்காரனின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்றானதும் பெண்கள் கூச்சமின்றி வாசித்தார்கள், எழுதினார்கள். ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற ஆங்கில நாவல் அப்படித்தான் பிறந்தது. இன்னொருவரின் நாவல் பாத்திரங்களை வைத்து இணையத்தில் தொடராக எழுதி, பெயர்களை மாற்றி, 2011இல் புத்தகமாக்கினார் ஒரு பெண். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்த ஆங்கில நாவல்கள்தான். போனில் பாதி வாசித்துவிட்டு, மிச்சத்தைத் தாளில் வாசிக்க வருகிறார்கள். குறளிலேயே காமத்துப்பாலுக்கு 250 பாட்டு இருக்கிறது. வளர்ந்தவர்கள் இதை வாசிப்பது குற்றம் என்று நான் நினைக்கவில்லை.

யார் யார் எடுத்தார்கள் என்று பதிவுக் கொப்பியைக் கேட்டு இருவர் வந்தார்கள். காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். போனில் வாசிப்பவருக்குக் கிடைக்கிற மறைவு என் கடைக்கு வருபவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஆறு வருடம் எங்கள் கடையில் வேலைக்கு நின்ற தங்கச்சியை இந்தப் படத்துக்குப் பிறகு அவவின் வீட்டார் வேலைக்கு விடவில்லை. புத்தகம் இருக்கிற இடம் அவவுக்குத்தான் தெரியும். தேடித்தரச் சுணங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து வாடகை 90 ரூபாய். மாலை ஏழு மணிக்குப் பூட்டுவோம்.

படம் பரவிய மறுநாள் காலையே வந்து, ஒன்றும் கேட்காமல், வழக்கம்போல மூன்று புத்தகம் எடுத்துப்போன அம்மாவுக்கும், மழைக்குள் மகளைச் சிறுவர் பகுதிக்குக் கூட்டிவந்த ஐயாவுக்கும் நான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்ட இரண்டாம் பாகம் வந்துவிட்டது. எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்