ஆறு மனைவிகள் போதும், அந்த ஆடுகளையும் பாடத்தில் சேருங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பி.ஏ. ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு 'சோஷியல் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து' தாளை நடத்துகிறவள் நான். பெயரிலேயே 'சோஷியல்' இருக்கிற தாள். ஆனால் எட்டாம் ஹென்றி, எலிசபெத் போன்றோரின் ட்யூடர் வம்சம் ஆண்ட காலம் வந்ததும் பாடம் அரண்மனைக்குள் போனால் போனதுதான், 1603இல் எலிசபெத் இறந்த பிறகுதான் வெளியே வருகிறது.

போன வாரம் ஒரு மாணவி எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளையும் மூச்சு விடாமல் வரிசையாக ஒப்பித்தாள். "சரிம்மா, அந்தக் காலத்துல ஒரு சாதாரண வீட்டுல என்ன சாப்பிட்டிருப்பாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சிலபஸ்ல இல்லையே மேடம்" என்றாள். அவள் மீது தப்பே இல்லை.

ராஜாக்களை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் போட்ட உத்தரவு ஊருக்குள் வந்து யார் வீட்டுப் பண்டத்தில், யார் வீட்டுப் பிள்ளையில் கை வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதற்கு ஆதாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

டெவன் மாவட்டத்தில் மோர்பாத் என்று ஒரு ஊர். முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள், அவ்வளவுதான். 1520இல் அங்கே பங்குச்சாமியாராக வந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி, 1574இல் சாகும்வரை அதே ஊரில் இருந்தார். அத்தனை வருடமும் கோயில் கணக்கு எழுதியவர் அவர். கணக்கு என்றால் வெறும் வரவு செலவு இல்லை. யார் என்ன கொடுத்தார்கள், எதற்குச் சண்டை வந்தது, யாரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது எல்லாம் அதில் இருக்கிறது.

அந்த ஊரில் புனிதர்களுக்கு ஆடு இருந்தது. மாதாவுக்குச் சில ஆடுகள், சிட்வெல் என்ற புனிதைக்குச் சில ஆடுகள் என்று ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு பிரித்து வளர்த்தார்கள். கம்பளி விற்ற காசில் சுரூபங்களுக்கு, அதாவது அந்தப் புனிதர்களின் சிலைகளுக்கு, முன்னால் விளக்கு எரிந்தது. கோயிலில் நந்தா விளக்கு எரிய 'சாவா மூவாப் பேராடு' கொடுத்த சோழர் காலக் கல்வெட்டுகளைத் தமிழ் வகுப்பில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

1538இல் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல், சுரூபங்களுக்கு முன் விளக்கேற்றக் கூடாது என்று உத்தரவு அனுப்பினார். பிறகு ஆடுகளுக்கு என்ன வேலை? அடுத்த பத்து வருடத்துக்குள் அந்த மந்தைகளே இல்லாமல் போயின. இதைவிட எனக்கு மனசில் நிற்பது அந்தக் கறுப்பு உடுப்பின் கதைதான். இறந்தவர்களுக்கான பூசையில் உடுத்த நல்ல கறுப்பு உடுப்பு ஒரு ஜோடி வேண்டும் என்று ட்ரிக்கி ஏறக்குறைய இருபது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தார். அது கைக்கு வந்தது ஹென்றி இறந்த 1547ஐ ஒட்டி. ஒன்பது வயது எட்வர்ட் பட்டத்துக்கு வந்தான், அவன் ஆட்சியில் அந்தப் பூசையே இல்லை என்றாகிவிட்டது.

1549இல் பூசை லத்தீனில் வேண்டாம், ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று சட்டம் வந்தது. டெவனும் பக்கத்து மாவட்டமான கார்ன்வாலும் கலகத்தில் கிளம்பிவிட்டன. எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது, இந்தப் புது ஆங்கிலம் எங்களுக்கு வேண்டாம் என்று கார்ன்வால்காரர்கள் தங்கள் கோரிக்கையிலேயே எழுதினார்கள். ஆங்கில இலக்கியம் படிக்க வந்த நம் பிள்ளைகள் இங்கிலாந்துக்குள்ளேயே ஆங்கிலத்தை இப்படி மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? மோர்பாத்திலிருந்து ஐந்து இளைஞர்கள் எக்ஸிடர் நகரை முற்றுகையிட்ட கூட்டத்துக்குப் போனார்கள். அனுப்பியது ஊர்ப் பணம், கணக்கில் பெயரோடு இருக்கிறது. அந்தக் கலகம் ரத்தத்தில் முடிந்தது.

1553இல் கத்தோலிக்கரான மேரி பட்டத்துக்கு வந்ததும் பழைய பூசை திரும்பியது. ஊர்க்காரர்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்த கோயில் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்க, ட்ரிக்கி அதையும் எழுதி வைத்தார். ஐந்து வருடம் கழித்து புராட்டஸ்டண்டான எலிசபெத் வந்தார், மறுபடி எல்லாம் மாறியது. அதே கோயில், அதே சாமியார். நான்கு ஆட்சிகளை வகுப்பில் நடத்த இதைவிட நல்ல கதை வேறென்ன வேண்டும்?

விளக்கை அணைத்த அதே 1538 உத்தரவில்தான் இன்னொன்றும் இருந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் ஒரு ஏட்டில் ஞாயிறுதோறும் பதிய வேண்டும். ஏட்டை வைக்க இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி, ஒரு சாவி சாமியாரிடம், இன்னொன்று கோயில் நிர்வாகிகளிடம். புதுவரி போடத்தான் கணக்கெடுக்கிறார்கள் என்று ஜனங்கள் பயந்தார்கள். (யார்தான் பயப்பட மாட்டார்கள்?) அந்த ஏடு இருந்ததால்தான் 1564 ஏப்ரல் 26இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியருக்கு ஞானஸ்நானம் நடந்தது நமக்குத் தெரிகிறது. நம் பாடம் அதோடு நின்றுவிடுகிறது. அதே வருடம் ஜூலையில், அடக்கப் பதிவில், ஒரு தொழில் பழகும் பையனின் பெயரை ஒட்டி 'இங்கே கொள்ளைநோய் தொடங்கியது' என்று லத்தீனில் ஒரு குறிப்பு இருக்கிறது. வருட முடிவுக்குள் அந்தச் சின்ன ஊரில் 200 பேருக்கு மேல் செத்தார்கள். தொட்டிலில் கிடந்த மூன்று மாதக் குழந்தை தப்பித்தது.

பணவீக்கத்தைச் சொல்ல எனக்கு ராஜாவின் மூக்கு ஒன்றே போதும். சண்டைக்குக் காசு பற்றாமல் 1544 முதல் வெள்ளி நாணயத்தில் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார் ஹென்றி. நாணயத்தில் அவர் முகம் நேராகப் பார்க்கும், துருத்திக்கொண்டிருப்பது மூக்கு. கைமாறிக் கைமாறி மேல்பூச்சு அங்கேதான் முதலில் தேய்ந்தது, செம்பு தெரிந்தது. ஜனங்கள் அவருக்கு 'செம்புமூக்கன்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். விலைவாசி ஏறிய எரிச்சல் முழுவதும் அந்த ஒரு பெயரில் இருக்கிறது. எலிசபெத் 1560-61இல் கெட்ட நாணயங்களை வாங்கிக்கொண்டு புதிதாக அடித்துக் கொடுத்தார்.

அவர் காலத்துச் சட்டங்களில் சிரிக்கவும் நிறைய இருக்கிறது. 1571இல் வந்த தொப்பிச் சட்டப்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட சாதாரண ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் திருநாளிலும் உள்நாட்டில் பின்னிய கம்பளித் தொப்பி போட வேண்டும். போடாத ஒவ்வொரு நாளுக்கும் 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம், கூலிக்காரருக்குப் பல நாள் சம்பளம் அது. தொப்பி பின்னுகிறவர்கள் பிழைக்க வேண்டுமாம். 1563இன் மீன் சட்டம் இன்னும் வேடிக்கை. வெள்ளி, சனியோடு புதன்கிழமையும் இறைச்சி கூடாது, மீன்தான். மீனவர் பெருகினால் கப்பல்படைக்கு ஆள் கிடைக்கும் என்பது மந்திரி வில்லியம் செசிலின் கணக்கு. மீன் தின்றால் ஆன்மா கரையேறும் என்று யாராவது சொன்னால், பொய்ச்செய்தி பரப்பியதாகத் தண்டனை என்றும் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

எல்லாமே கஷ்டம் என்று பாடம் நடத்தினாலும் அது தப்பாகிவிடும். எசெக்ஸில் பங்குச்சாமியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் அச்சான தன் எழுத்தில், ஊர்ப் பெரியவர்கள் சொன்ன மூன்று மாற்றங்களைக் குறித்திருக்கிறார். வீட்டுக்கு வீடு புகைபோக்கி வந்துவிட்டது, மரத்தட்டு போய் ஈயக்கலவைத் தட்டு வந்துவிட்டது. மூன்றாவது படுக்கை. தாங்கள் சிறுவயதில் வைக்கோல் மேல் படுத்து ஒரு உருட்டுக்கட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டோம், தலையணை என்பது பிரசவித்த பெண்ணுக்குத்தான் என்று நினைத்தோம் என்றார்கள் அந்தக் கிழவர்கள். மறுமலர்ச்சி என்ற சொல்லுக்கு நான் கரும்பலகையில் எழுதிப்போடும் எந்த விளக்கத்தையும்விட அந்தக் கட்டையை மாணவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அலகின் தலைப்புகள் அப்படியே இருக்கட்டும். மோர்பாத் கணக்கிலிருந்து ஒரு பக்கம், தொப்பிச் சட்டத்திலிருந்து ஒரு பத்தி, ஹாரிசனிடமிருந்து அந்தப் படுக்கை வரிகள், இவற்றை வாசிப்புப் பகுதியாகச் சேருங்கள். கேள்வித்தாளில் ஹென்றி கிறிஸ்தவ மடங்களைக் கலைத்ததற்குக் காரணம் கேட்கும்போது, கலைத்த பிறகு அந்த மடத்து வாசலில் சோறு வாங்கியவர் எங்கே போனார் என்றும் சேர்த்துக் கேளுங்கள். கேள்வித்தாளில் வராததை எங்கள் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், நீங்களும் அறிவீர்கள்.

அந்த மாணவிக்கு மறுநாளே பதில் சொல்லிவிட்டேன். பட்டாணியும் கீரையும் தானியமும் போட்டுக் கொதிக்க வைத்த கூழ், கறுத்த ரொட்டி, புதன்கிழமையாக இருந்து கையில் காசும் இருந்தால் மீன் என்றேன். "புதன்கிழமை ஏன் மேடம்? எந்த ராணி சொன்னாங்க?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் தாளைப் பன்னிரண்டு வருடமாக நடத்திவரும் ஓர் ஆசிரியை