கதையில் அந்தச் சீட்டை ஏன் விட்டாய்?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கோமதி,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. இத்தனை வருடம் கழித்து உன்னிடமிருந்து ஒரு நோட்டுக்கட்டு வரும், அதில் ஒரு முழு நாவல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கையெழுத்து இன்னும் அதே மாதிரி வலப்பக்கம் சாய்ந்துதான் போகிறது. முழுக்கப் படித்துவிட்டேன். 'நல்லா இருக்கு' என்று ஒரு வரி எழுதிப் போட்டால் உனக்குப் பிடிக்காது, எனக்கும் ஒட்டாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. ரிடையர் ஆனதிலிருந்து இங்கே ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, மாடி ஏறுவதை விட்டாயிற்று. மகள் சென்னையில். பேரன் போனில் என்னைப் பார்த்ததும் "கடலூர் பாட்டி" என்கிறான். ஊரை வைத்துத்தான் என்னை அடையாளம் தெரிகிறது போல.

இனி உன் கதைக்கு வருகிறேன். நாமெல்லாம் மாத நாவலும் வாரப் பத்திரிகைத் தொடர்கதையும் தின்று வளர்ந்தவர்கள். பாதிரிக்குப்பத்து அத்தை வீட்டில் உட்கார்ந்து, கிழித்துச் சேர்த்த தொடர்களைச் சாக்கு ஊசியால் தைத்து மைதாப் பசை போட்டு ஒட்டுவோமே. முடிவு அத்தியாயம் வந்த இதழை மட்டும் யாராவது கடலை மடித்துத் தொலைத்திருப்பார்கள். அப்போது நீதான் முடிவைச் சொந்தமாகச் சொல்லுவாய். அதனால் நீ எழுத ஆரம்பித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கதைகளின் பழக்கமெல்லாம் உன் நாவலில் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சிநேகிதிகள் பிரிகிறார்கள், காரணம் ஒரு ஆம்பளை. இரண்டு பேரும் அவனையே நினைத்தார்கள், ஒரு கடிதம் கை மாறிப் போயிற்று, இருபது வருடம் பேச்சில்லை. ஏன்டி, நமக்குள் பேச்சு நின்றது அப்படியா?

நம் தமிழில் தோழிக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழம்மா 'தோழி கூற்று', 'தோழி கூற்று' என்று எத்தனை பாட்டு நடத்தினார்கள்! அத்தனையிலும் தோழி பேசுவது தலைவியின் காதலைப் பற்றித்தான். அவன் வருவானா, மாட்டானா, அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா என்று. தோழிக்கும் தலைவிக்கும் நடுவே ஒரு மனத்தாங்கல் என்று பாட்டு படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நாம் படித்த நாவல்களிலும் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதும் சிநேகிதி காணாமல் போய்விடுவாள். பெண்களுக்குள் உறவு அறுந்தால் அது ஒரு நஷ்டம் என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நீயாவது எழுதுவாய் என்று பார்த்தேன்.

நமக்குள் வந்தது நீ நடத்திய சீட்டு விவகாரம். அதை எழுத வெட்கப்பட்டாயா, என்னை நினைத்து விட்டுவிட்டாயா தெரியவில்லை. ஆனால் கதை அங்கேதான் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நமக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. உன் சீட்டில் பாதிப் பேர் முந்திரித் தோப்பை நம்பியவர்கள். முன்னாடியே சீட்டு எடுத்தவர்கள் அப்புறம் கட்டவில்லை, கட்டவும் அவர்களிடம் எதுவும் இல்லை. கடைசியில் எடுக்கக் காத்திருந்தவள் நான், மகளுடைய காலேஜ் பணம். யாரைக் குற்றம் சொல்ல? பணம் போனதற்கு நான் உன்மேல் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு பாண்டி லாஸ்பேட்டைக்குப் போனாயே, அதற்குத்தான். அந்தக் கோபம் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது.

அப்புறம் மாதாமாதம் என் கணக்கில் பணம் விழ ஆரம்பித்தது. ஆயிரம், சில மாதம் ஐந்நூறு. பாஸ்புக்கை மிஷினில் வைத்தால் 'கோமதி' முழுசாக அச்சாகாது, 'கோம' என்று நின்றுவிடும். அந்த அரைப் பெயரை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! போன் இல்லை, கடுதாசி இல்லை, அந்த ஒரு வரி மட்டும். ஒரு தீபாவளி மாதம் மட்டும் கூட நூறு ரூபாய் சேர்த்துப் போட்டிருந்தாய். அது வட்டியா, பலகாரத்துக்கா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். அதை எழுது. ஒரு கடிதம் கை மாறிப் போன கதையை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

உன் நாவலில் அவர்கள் சேருவதும் எனக்கு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தி, ஓடி வந்து காலைப் பிடித்து அழுகிறாள் இன்னொருத்தி, எல்லாம் தீர்ந்தது. எங்கள் குழுவில் இரண்டு பேர் கடன் தவணைத் தகராறில் பேச்சை நிறுத்தியவர்கள். ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு, "அவங்க தவணை பாக்கின்னு சொல்லிடுங்க டீச்சர்" என்று என் வழியாகப் பேசுவார்கள். (நான் டீச்சர் இல்லை, பள்ளிக்கூடத்து கிளார்க் என்று சொல்லி அலுத்துவிட்டேன்.) 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணை பொங்கி வந்ததே, அப்போது ஒருத்தி தன் மகனை அனுப்பி இன்னொருத்தியின் கிரைண்டரைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கச் சொன்னாள். தண்ணீர் வடிந்த பிறகும் இரண்டு பேரும் பேசவில்லை. பொங்கல் தாண்டித்தான் ஒருத்தி, "உங்க மாவு புளிக்குதா?" என்று நேராகக் கேட்டாள். அவ்வளவுதான் சமாதானம். யாரும் அழவில்லை.

இன்னொன்று. உன் கதாநாயகி எல்லாவற்றையும் இழந்துவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து, மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உள்ள தெருவில் காபிக் கடை வைக்கிறாள். படிக்க அழகாக இருக்கிறது. அந்தத் தெரு வாடகைக்கு முன்பணம் யார் கொடுத்தார்கள்? அதைப் பற்றி ஒரு பாராவாவது வேண்டாமா? அவளைப் பண்ருட்டிப் பக்கம் அனுப்பிப் பாரேன். முந்திரி உடைக்கிற பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவார்கள், தெரியுமா? ஓட்டிலிருந்து வருகிற பால் பட்டால் தோல் வெந்து கருத்துப் போகும். சில பேர் விளக்கெண்ணெய் தடவுவார்கள். சாயங்காலம் அந்தக் கையோடு வீட்டுக்குப் போய்க் குழம்பு வைக்க வேண்டும். தானே புயல் விழுத்திய இடத்தில் திரும்ப நட்டவர்களுக்கும் உடனே எதுவும் கிடைக்கவில்லை. முந்திரி ஒட்டுக்கன்று காய்க்க மூன்று வருடம் ஆகும், விதையிலிருந்து வந்த பலா ஏழெட்டு வருடம். அதுவரை அவள் எதைச் சாப்பிட்டாள், யாரிடம் கைமாற்று வாங்கினாள் என்று எழுதினால் நான் ராத்திரியெல்லாம் விழித்திருந்து படிப்பேன்.

குறையாகவே சொல்கிறேன் என்று நினைக்காதே. மாமியார் செத்த வீட்டில் மருமகள் டீ போட்டுக்கொண்டே இருக்கிறாள், உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று. அந்த ஒரு பக்கம் போதும், நீ எழுதத் தெரிந்தவள்தான். அதில் ஒரு எழுத்தையும் தொடாதே.

பிரிகிற அத்தியாயத்தை மட்டும் புதிதாக எழுது. என் பெயரை மாற்றிவிடு, சீட்டை மாற்றாதே. நான் திட்டியதாக எழுதினாலும் சரி, நிஜத்தில் திட்டக்கூட எனக்கு நீ வாய்ப்புக் கொடுக்கவில்லை. பாஸ்புக்குகள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன, தேதியோடு எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவற்றைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். நீயே வா. பாண்டியிலிருந்து கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டினால் ஆல்பேட்டை, ஒரு மணி நேரம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் போக்கிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம், அன்றைக்கு மட்டும் வேண்டாம். மத்த நாள் எதுவானாலும் காலையிலேயே வந்துவிடு, சாப்பிட்டுவிட்டு எழுத உட்காரலாம்.

அன்புடன்,
சாரதா