விடுபட்டவர்கள் யார் என்று எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் இத்தனை லட்சம் பேர் பயன்பெற்றனர் என்ற செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டம், பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. நல்ல திட்டம், தொடர வேண்டிய திட்டம். ஆனால் பயனாளிகளின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும், நோய் யாருக்குக் கட்டுப்பட்டது, யாருக்குக் கட்டுப்படவில்லை, ஏன் என்பதை அது சொல்லாது. அதை அளக்கும் வழி பற்றியே இக்கடிதம்.

முதலில் எதை எதால் வகுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020-ல், தொற்றா நோய்களையும் அவற்றின் காரணிகளையும் அளக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறையில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி 18 முதல் 69 வயதினரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, அவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. இந்த விகிதத்தை 5,000 பேர் வசிக்கும் ஒரு துணை சுகாதார நிலைய எல்லைக்குப் பொருத்துவோம். அந்த வயதினர் 3,400 பேர் என்று கொண்டால், பிரஷர் உள்ளவர்கள் சுமார் 1,150 பேர். பதிவேட்டில் 500 பேர், மாத்திரை ஒழுங்காகப் பெறுவோர் 400 பேர், அளவு 140/90-க்குக் கீழே, அதாவது கட்டுக்குள், உள்ளவர்கள் 250 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கை ‘80 சதவீதம் பேர் தொடர் சிகிச்சையில்’ என்று சொல்லும். அது பொய்யல்ல. ஆனால் 250-ஐ 1,150-ஆல் வகுத்தால் 22 சதவீதம்தான் வரும். பதிவேட்டுக்கே வராத 650 பேர் எந்த அறிக்கையிலும் இல்லை. அவர்கள் யார் என்பதுதான் முதல் கேள்வி.

மாத்திரை கொண்டு வரும் திட்டத் தன்னார்வலர் பகலில் வீட்டுக்கு வருகிறார். காலை ஏழு மணிக்கே கட்டட வேலைக்குக் கிளம்பிவிடும் மேஸ்திரியும் சித்தாளும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு ஆறு மாதம் போய்விடுபவர்களும், மில் ஷிப்டில் இருப்பவர்களும் அப்போது வீட்டில் இருப்பதில்லை. வீட்டில் இருக்கும் முதியவர்களும் பெண்களும் பதிவாகிறார்கள். நாற்பது வயது ஆண் கூலித் தொழிலாளி பெரும்பாலும் பதிவாவதில்லை. பக்கவாதம் வந்து அவர் படுத்தால் ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும். ஆகவே வயது, பாலினம் மட்டும் பிரித்துக் காட்டினால் போதாது. வேலை தினக்கூலியா மாதச் சம்பளமா, கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, வீடு ஊருக்குள்ளா காலனியிலா மலைக் குடியிருப்பிலா, குடிநீர்க் குழாய் வீட்டுக்குள்ளா தெருவிலா, பகலில் வீட்டில் ஆள் உண்டா என்ற ஐந்து கேள்விகளைப் பதிவின்போதே கேட்கலாம். இரண்டு நிமிட வேலை.

ரேஷன் அட்டையின் வகையை வைத்து ஏழ்மையைக் கணிப்பது நம் மாநிலத்தில் சரிவராது. இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது. அந்தியோதயா அட்டை மிக ஏழைகளை ஓரளவு காட்டும்; மற்ற அட்டைகள் அப்படிப் பிரித்துக் காட்டுவதில்லை. நேரடியாக மாத வருமானம் கேட்டாலும் பயனில்லை. சலுகை போய்விடுமோ என்ற அச்சத்தில் மக்கள் குறைத்துச் சொல்வார்கள், அது இயல்பு. வேலை நாட்களைக் கேட்டால் உண்மை வரும்.

இப்படிப் பிரித்த பிறகு ஒப்பிட ஆட்கள் போதுமா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பிரிவில் 40 சதவீதம், இன்னொன்றில் 30 சதவீதம் கட்டுப்பாடு என்ற வேறுபாட்டை நம்பிச் சொல்ல ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 350 பேர் வேண்டும். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பதால் இதை இரட்டிப்பாக்கி 700 என்று கொள்வது பாதுகாப்பு. ஒரு துணை சுகாதார நிலையத்தில் இது கிடைக்காது, வட்டார அளவில் கிடைக்கும். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை சதவீதம் பேருக்கு நோய் கட்டுக்குள் உள்ளது என்ற அட்டவணையை ஆண்டுக்கு ஒருமுறை வட்டார அளவில் வெளியிட்டால் போதும்.

அளவீட்டில் வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. பிரஷர் மிக அதிகமாக இருந்த நாளில் பதிவானவருக்கு, மாத்திரையே போடாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் இறங்கித்தான் காட்டும். அந்த இறக்கம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார வைத்து, இரண்டு முறை பார்த்து எழுதினால் இப்பிழை குறையும். திட்டம் தாமதமாகப் போய்ச் சேர்ந்த பகுதியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அடுத்தது, பதிவேட்டில் 120/80, 130/80 என்று வரிசையாக நிற்கும் எண்கள். டிஜிட்டல் கருவியில் பத்தில் ஒரு அளவுதான் பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். பாதிக்குப் பாதி அப்படி முடிந்தால் யாரோ உத்தேசமாக எழுதுகிறார்கள் என்று பொருள். அதற்குத் தன்னார்வலரைக் குறை சொல்வது நியாயமல்ல. ஒரே நாளில் முடிக்க முடியாத இலக்கைக் கொடுத்தால் எண்கள் அப்படித்தான் வரும். இன்னொன்று: மூன்று மாதமாக வராத நோயாளியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் கட்டுப்பாட்டு விகிதம் தானாக உயர்ந்துவிடும். வராதவரையும் கட்டுப்படாதவராகவே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

இனி உணவு. ‘அரிசியைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள்’ என்பது எல்லா முகாமிலும் சொல்லப்படும் அறிவுரை. ரேஷனில் அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். காய்கறி ரேஷனில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, பழம். நால்வர் குடும்பத்துக்கு மாதம் 48 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 1,920 ரூபாய். மகளிர் உரிமைத் தொகையாக 2023 செப்டம்பரில் வரத் தொடங்கிய 1,000 ரூபாய் முழுவதையும் காய்கறிக்கே கொடுத்தாலும் பாதிதான் தேறும். இந்தக் குடும்பத்தில் சுகர் குறையவில்லை என்றால் ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று அறிக்கை எழுதுவது பெரும் அநியாயம். விழிப்புணர்வைக் கேள்வித்தாளால் அளப்பவர்கள், அந்த ஊர்ச் சந்தையில் காய்கறி விலையையும் பருப்பு எத்தனை மாதம் தட்டாமல் கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே, கேழ்வரகு விளைந்தும் அப்போது இந்த ஏற்பாட்டில் சேராத கிருஷ்ணகிரி இருக்கிறது. இரு பக்கமும் உள்ள சுகர் நோயாளிகளின் அளவுகளை, கேழ்வரகு வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் உணவு வழங்கல் துறையின் ஒரு முடிவு மருத்துவத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று தெரியும். இரண்டு கிலோ ஒரு குடும்பத்துக்கு மிகச் சிறிய அளவு என்பதால் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. மாற்றம் இல்லை என்று தெரிந்தாலும் அளவைக் கூட்ட வேண்டுமா என்ற பேச்சுக்கு அது பயன்படும்.

பேருந்தும் அப்படித்தான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. மருத்துவத் திட்டம் அதற்கு மூன்று மாதம் கழித்து வந்தது. அந்த ஆண்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்கள் கூடியிருந்தால் அதில் எது யாருடைய பங்கு? அரசு நகரப் பேருந்து ஓடும் ஊர்களையும் தனியார் பேருந்து மட்டுமே ஓடும் ஊர்களையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். இரு துறைகளின் கணக்கும் தனித்தனி அலுவலகத்தில் கிடப்பதால் யாரும் இப்படிப் பார்ப்பதில்லை.

2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் தொடங்கிய எட்டு கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தில், நடப்பவர்களில் உடலுழைப்புத் தொழிலாளர் எத்தனை பேர், இருட்டிய பின் பெண்கள் நடக்க விளக்கு உண்டா என்று கேட்டால் போதும். ஜவுளிக்கடை, நகைக்கடை உள்ளிட்ட கடைகளின் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதுவும் நோய்த் தடுப்புதான். ஆனால் நாற்காலி இருக்கிறதா என்று மட்டும் சோதிப்பதில் பொருளில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் எழுப்புகிறாரா, கழிப்பறைக்குப் போக எத்தனை முறை அனுமதி, அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களா என்பதைக் கடைக்கு வெளியே வைத்து ஊழியர்களிடம் கேட்க வேண்டும்.

பிரிட்டனின் பொது சுகாதார அறிஞர் மைக்கேல் மார்மட் தலைமையில், உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவன ஆணையம் 2008-ல் முன்வைத்த மூன்று முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று, உடல்நலத்தில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வுகளை அளந்து, எடுத்த நடவடிக்கையின் விளைவை மதிப்பிட வேண்டும் என்பது. மற்ற இரண்டுக்கும் பெரும் பணமும் அரசியல் உறுதியும் தேவை. இதற்கு ஏற்கெனவே உள்ள பதிவு முறையில் ஐந்து கேள்விகளைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

சுகாதாரத் துறை இந்த வட்டார அட்டவணையை வெளியிட வேண்டும். மாலை ஆறு முதல் எட்டு மணி வரையும் ஞாயிறு காலையிலும் தன்னார்வலர் வருகையைச் சில வட்டாரங்களில் சோதித்துப் பார்த்து, அதற்குரிய கூடுதல் ஊக்கத்தொகையையும் பாதுகாப்பான போக்குவரத்தையும் அவர்களுக்குத் தர வேண்டும். உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பயனாளிகளின் எண்ணிக்கை அறிவிக்கப்படும்போது, அந்த மாவட்டத்தில் நோயுள்ளவர்கள் மொத்தம் எத்தனை பேர், கட்டுக்குள் உள்ளவர்களில் தினக்கூலிகள் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை அதே செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
சமுதாய மருத்துவத் துறையில் பணியாற்றுவோர் சிலர்,
தருமபுரி மாவட்டம்.