மூர்கேட் ரயிலை முழுசாக வையுங்கள்: சயன்ஸ் மியூசியம் குழும அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் உங்கள் குழுமத்தில்தான் இருக்கிறது. அதனால் ஓய்வு பெற்றுவிட்ட கிளாஸ் 313 என்ற வகை மின்சார ரயில்களுக்காக உங்களுக்கு எழுதுகிறேன். 1976-77இல் யார்க் தொழிற்சாலையில் கட்டிய 64 ரயில்கள், ரயிலுக்கு மூன்று பெட்டி. வடக்கு லண்டனிலிருந்து நகர மையத்தில் இருக்கும் மூர்கேட் நிலையத்துக்கு வேலைக்குப் போனவர்களை 2019 வரை சுமந்தவை இவைதான். 2010இல் 19 ரயில்கள் இங்கிலாந்தின் தெற்கே பிரைட்டன் பக்கக் கடலோரப் பாதைக்குப் போய், 2023 வரை அங்கே ஓடின.

என் வேண்டுகோள் ஒன்றே. புறநகர் ரயிலைக் காப்பதென்றால் எல்லாப் பெட்டிகளோடும் காக்க வேண்டும். ஓட்டுநர் அறையை மட்டும் வெட்டியெடுத்து நிறுத்தினால், 313 என்ன செய்தது என்பது யாருக்கும் புரியாது.

மூர்கேட் போகும் வழியில் டிரேட்டன் பார்க் நிலையம் வரும். அதுவரை தலைக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட். அங்கிருந்து சுரங்கத்துக்குள் தரையோரம் மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட். பிளாட்பாரத்தில் ரயில் நிற்கும்போதே நடுப்பெட்டியின் கூரையில் இருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் கீழே இறங்கும். அடியில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கும். செய்தித்தாளிலிருந்து யாரும் தலை நிமிர மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் திரும்ப வரும், ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும். கம்பியைத் தொடும் கருவி நடுப்பெட்டியில், சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார்கள் இரண்டு ஓரப் பெட்டிகளிலும். இதில் எந்தப் பெட்டியைத் தனியாக வைத்து இதை விளக்க முடியும்?

முகப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் கதவையும் பாருங்கள். அந்தச் சுரங்கம் 1904இல் திறந்தது. ஆபத்து வந்தால் பக்கவாட்டில் இறங்க உள்ளே இடம் போதாது. அதனால் ரயிலின் முனை வழியாகத்தான் ஆட்களை இறக்க வேண்டும். பெட்டி பெட்டியாக நடந்து அந்தக் கதவுவரை போனால்தான் அது எதற்கு என்பது விளங்கும்.

குறைகளும் அப்படியே இருக்கட்டும். வெயில் காலத்தில் ஜன்னலின் மேல்பட்டையைத் திறந்தால் காற்றோடு சுரங்கத்தின் சத்தமும் சேர்ந்து வரும். பிரைட்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் வரையான நீண்ட பயணத்துக்கும் கழிப்பறை இல்லாத இதே ரயில்களைத்தான் விட்டார்கள். மக்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அதையும் அருங்காட்சியகம் சொல்ல வேண்டும்.

இடமும் பணமும் வேண்டும், தெரியும். மூன்று பெட்டிகள் சேர்ந்தால் ஏறக்குறைய 60 மீட்டர். ஆனால் இது உங்களுக்குப் புதிதல்ல. 1949இல் லண்டனிலிருந்து கிழக்கே போகும் ஷென்ஃபீல்டு பாதைக்கு வந்த கிளாஸ் 306 வகையில் ஒரு ரயிலை மூன்று பெட்டிகளோடும் தேசியச் சேகரிப்பில் வைத்திருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அதே அக்கறையைத்தான் அதற்கடுத்த தலைமுறை ரயில்களுக்கும் கேட்கிறேன்.

ரயில்வே பொருள்களில் காக்க வேண்டியவை எவை என்று அறிவிக்கும் சட்ட அதிகாரம் 2013 முதல் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு வகை ரயில் விடைபெறப் போகிறது என்ற செய்தி வந்ததுமே, முதல் ரயில் உடைப்பு யார்டுக்குப் போகும் முன்பே, அதில் ஒன்றை முழுசாகக் குறித்துவையுங்கள். எதைக் குறித்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்பதையும் பொதுவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வடக்கு லண்டன் பயணி ஒருவர்